அமைதி என்ற ஐந்தாவது காரணி

பிப்ரவரி 2

என் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனைப் பட்டென்று வைத்துவிட்டதால் நம் பழைய சட்டம் மறுபடி அமலுக்கு வருகிறது. சண்டை என்றால் எழுத்தில் மட்டும். சட்டம் போட்டது நீதான், ஞாபகம் இருக்கட்டும். பங்குச் சந்தையின் தரவுப் பிரிவில் எந்த ஆராய்ச்சி மாணவன் வந்து நின்றாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எழுத்துல குடுங்க" என்று தாளை நீட்டுவாய். எழுதி எழுதியே உனக்குக் கணவனானவன் நான். உன் அலுவலகத்தில் எனக்கு 'நச்சரிப்பு' என்று பட்டப்பெயர் இருந்தது கல்யாணத்தன்றுதான் எனக்குத் தெரியும்.

சண்டைக்குக் காரணமான சமையலறைக் குழாய் சொட்டுகிற விஷயத்தை விடு. அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. ஐந்தாவது காரணி வேலை செய்கிறது!

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று பல்லைக் கடிக்காதே, முன்னுரையை எழுதிப் பழகுகிறேன். ஒரு பங்கு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? பெரிய நாட்டுச் சந்தைகளில் நாலு காரணி சொன்னால் ஏறக்குறைய கணக்கு முடிந்துவிடும். மொத்தச் சந்தை எந்தப் பக்கம் போகிறது, நிறுவனம் பெரிதா சிறிதா, அதன் சொத்தோடு பார்த்தால் விலை மலிவா, லாபம் உருப்படியாக வருகிறதா. நம்முடையதைப் போன்ற வளர்ந்துவரும் சந்தையில் இந்த நாலையும் போட்டாலும் ஏதோ மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் அமைதி என்கிறேன் நான். அதிகம் ஏறாமல், அதிகம் இறங்காமல் கிடக்கிற பங்குகள். சந்தை மூன்று வருடமாகச் சரிந்தபோதும் அவை சரியவில்லை. கட்டுரையின் உயிரே அவற்றைப் பட்டியலிடும் நான்காவது அட்டவணைதான்.

ஆய்வுத் தலைவர் என் முதுகில் தட்டினார். கட்டுரை வெளிவந்தால் என் வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஜூனில் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று உன்னிடம் சொன்னது மறக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு வரும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? தரவு உன்னுடையது, இரண்டாம் பெயர் உன்னுடையது. இணைப்பில் இருக்கும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

ஒவ்வொரு கடிதத்திலும் "இங்கே எல்லாம் வழக்கம் போல" என்று எழுதுகிறாயே, அதை நம்பித்தான் நான் இங்கே நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

உன்,
நச்சரிப்பு

*

பிப்ரவரி 5

ஐயா,

தங்கள் கடிதமும் கட்டுரையின் வரைவும் கிடைக்கப்பெற்றோம். நான்காவது அட்டவணையில், தங்கள் கணக்குப்படி மிக அமைதியான இருபது பங்குகளின் பட்டியல் உள்ளது. அதில் முதலிடம் பெற்றிருப்பது ஒரு சோப்பு நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஆலை எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறோம்.

ஞாபகம் இருக்காது. நம் வீட்டிலிருந்து என் அலுவலகம் போகிற பேருந்தில் நாலாவது நிறுத்தம். இரும்புக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. காவலாளி நாற்காலியில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கிறது. அந்தப் பங்கை யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கைமாறினால்தானே விலை? கைமாறாத நாளுக்கு எங்கள் பிரிவு விலை போடுவதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் தங்களுக்கு அனுப்பினோம். தங்கள் கணக்கில் அந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே விலை உட்கார்ந்திருக்கிறது. யார் போட்டது?

இரண்டாமிடம், நாலாமிடம், ஏழாமிடத்தில் இருப்பவர்களைப் பற்றியும் இதே கேள்விதான். விளக்கம் வரும்வரை கையெழுத்து நிறுத்தி வைக்கப்படுகிறது.

இங்கே எல்லாம் வழக்கம் போல.

இப்படிக்கு,
தரவுப் பிரிவு

*

பிப்ரவரி 9

'ஐயா' என்று ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது, வீட்டில் புயல் சின்னம்.

சரி, பதில் சொல்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் என் கணினி நிரல் ஓடாமல் நின்றுவிடும். அதனால் காலிக் கட்டத்தில் முந்தின நாள் விலையையே போட்டுக்கொள்ளும்படி எழுதிவைத்திருக்கிறேன். நான் கண்டுபிடித்த வழி இல்லை இது, பக்கத்து அறையில் இருப்பவரும் அப்படித்தான் செய்கிறார், எதிர் அறையில் இருப்பவரும் அப்படித்தான். நம் சந்தையில் பாதிப் பங்குகள் வாரத்தில் ஓரிரு நாள்தான் கைமாறுகின்றன. காலிக் கட்டம் இருப்பதையெல்லாம் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது வங்கிகளும் தொலைபேசிக் கம்பெனியும்தான். அதற்குப் பெயர் சந்தையா? சோப்பு ஆலை ஒன்று தவறி உள்ளே வந்திருக்கலாம், அதை மட்டும் எடுத்துவிடுகிறேன். ஒரு நாய் படுத்திருக்கிறது என்பதற்காக ஐந்து வருட வேலையைக் குப்பையில் போட முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் சந்தேகம் நிஜமாகவே நான்காவது அட்டவணையைப் பற்றியதா, இல்லை ஜூன் மாதத்தைப் பற்றியதா? என்னைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்றால் நேராகச் சொல்லலாமே. நீ ஒருமுறைகூட வா என்று சொன்னதில்லை.

கோபித்துக்கொள்ளாதே. கேட்டேன், அவ்வளவுதான்.

நச்சரிப்பு

*

பிப்ரவரி 11

ஜூன் மாதத்தைப் பற்றிய இந்த வரியை நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். வரைவு வந்த அன்றே அட்டவணையைப் பார்த்துவிட்டேன். எழுத மூன்று நாள் ஆனதற்குக் காரணம் இந்த வரிதான்.

என் நிலைமையைக் கொஞ்சம் பார். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நீ இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பாய். பார்த்ததைச் சொன்னால் புருஷனை இழுத்துக்கொண்டு வர அட்டவணையைக் கெடுக்கிற பெண்டாட்டி ஆகிவிடுவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அடி. அதனால் யோசித்து, உண்மை எதுவோ அதையே சொல்லிவிட்டு அடி வாங்கலாம் என்று முடிவு செய்தேன். நீ ஏமாற்றவில்லை. அடியைக் கொடுத்துவிட்டாய்.

இந்தக் கட்டுரையை நம்பி யாராவது ஒரு ஓய்வூதிய நிதிக்காரர் சோப்பு ஆலையில் ஊரார் சேமிப்பைக் கொண்டுபோய் வைப்பார். விற்க வேண்டிய நாளில் வாங்க ஆள் இருக்காது. அது விழாத பங்கு இல்லை. யாரும் கேட்காததால் விழுந்தது தெரியாத பங்கு. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் மீதி சுத்தமாகிவிடுமா? பக்கத்து அறைக்காரரும் எதிர் அறைக்காரரும் செய்வதாக எழுதியிருக்கிறாய். அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்.

என் பெயரை எடுத்துவிடு. இல்லையென்றால் அட்டவணையைச் சரிசெய்.

இங்கே எல்லாம் வழக்கம் போல.

*

பிப்ரவரி 20

கட்டுரையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சோப்பு ஆலையை எடுத்தேன், இன்னும் நாலைந்தை எடுத்தேன், அமைதிக் காரணி கொஞ்சம் ஆட்டம் கண்டது. வாரம் முழுக்க உன்மேல் எரிச்சலாகவே இருந்தேன். அதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

இன்று மத்தியானம் உன் அண்ணன் போன் செய்தார். அவர் மகனுக்கு இங்கே படிக்க இடம் கிடைக்குமா என்று விசாரித்தார். பேசி முடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டார், "தங்கச்சிக்குத் தையல் எல்லாம் ஆறிடுச்சா மாப்பிள்ளை?"

என்ன தையல் என்று கேட்டேன். அவர் மென்று விழுங்கி, பித்தப்பையில் கல், ஆபரேஷன், ஜனவரி மாதம் என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்தாராம். அவரிடம் ஆமாம் ஆமாம் என்று சமாளித்துவிட்டு வைத்தேன். அதைவிட அவமானம் வேறு இல்லை.

ஜனவரிக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று கடிதம் எழுதியிருக்கிறாய். மூன்றிலும் எல்லாம் வழக்கம் போல. மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் துளைத்துக் கல்லை எடுப்பது எந்த வீட்டு வழக்கம்? நான் யார் உனக்கு? பேருந்தில் பக்கத்து இருக்கையில் வருகிறவளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது. அலுவலகத் தமிழில் எழுதாதே.

*

பிப்ரவரி 23

பேருந்தில் வருகிறவளுக்கு நிஜமாகவே தெரியும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரிதான் அவள். அவள்தான் மருத்துவமனைக்குக் கூட வந்தாள்.

நவம்பரிலிருந்தே வலி. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். நவம்பர் கடிதத்தில் ஒருமுறை "வயிறு சரியில்லை" என்று எழுதினேன். தேடிப் பார், இருக்கிறது. அதற்கு நீ எழுதிய பதிலையும் பார். காய்ச்சிய தண்ணீர் குடி என்று ஒரு வரி, பிறகு லாபக் காரணியைப் பற்றி இரண்டு பக்கம். அதற்கடுத்த கடிதத்தில் வேண்டுமென்றேதான் "எல்லாம் வழக்கம் போல" என்று எழுதினேன். நீ என்ன ஆயிற்று என்று கேட்பாய் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷம் என்று எழுதினாய். அதன்பிறகு எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. கேட்காதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

மருத்துவமனையில் சேர்க்கிற இடத்தில் ஒரு நர்ஸ் கணவர் எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். என்ன வேலை என்றார். பங்கு விலை ஏன் ஏறுகிறது இறங்குகிறது என்று கண்டுபிடிக்கிறார் என்றேன். "கண்டுபிடிச்சுட்டாரா?" என்றார். சிரிக்கக்கூட முடியாத வலி, ஆனாலும் சிரித்தேன்.

உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்தேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பாய். என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிரலை ஓடவிட்டு, நாலாம் நாள் திரும்பிப் போயிருப்பாய். கட்டுரை தாமதமானதற்கு என் பித்தப்பை காரணமாகியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

இதெல்லாம் நியாயம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. மறைத்தது தப்புதான். ஆனால் நீ கேட்டதால் சொல்கிறேன், எனக்கு உன்மேல் கோபம். நான் எழுதாத இடத்திலெல்லாம் நீயே முந்தின மாதத்து நலத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாய். நான் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டாய். சோப்பு ஆலைக்கு நீ செய்ததற்கும் எனக்குச் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

தையல் ஆறிவிட்டது. அரிக்கிறது.

*

மார்ச் 8

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணம் இல்லை. நவம்பர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். காய்ச்சிய தண்ணீர் வரியைப் படித்தேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் நான் எழுதும் முன்னுரை மாதிரி ஆகிவிடுகிறது. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இதுதான் மிச்சம்: மன்னித்துவிடு.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நிரலில் அந்த வரியை எடுத்தேன். காலிக் கட்டங்களைக் காலியாகவே விட்டேன். நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கொஞ்சம் சிரமப்பட்டு மாற்றி எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அத்தனை நாளும் சோம்பேறித்தனம் பட்டிருக்கிறேன். நாங்கள் மூன்று அறைக்காரர்களும்தான்.

அமைதிக் காரணி போய்விட்டது. ஆட்டம் கண்டது என்றெல்லாம் மழுப்பவில்லை, அடியோடு போய்விட்டது. பிறகு வேறு ஒன்று பார்த்தேன். நீண்ட நாள் கைமாறாமல் கிடந்த பங்கு மறுபடி கைமாறுகிற முதல் நாளில் என்ன நடக்கிறது? விழுகிறது. கொஞ்ச நஞ்சம் இல்லை. சந்தை சரிந்த மூன்று வருடத்துச் சரிவையும் சேர்த்து வைத்திருந்து ஒரே நாளில் விழுகிறது. அது அத்தனை நாளும் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நமக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்தச் சரிவை வரைந்த படத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு உன் பிப்ரவரி 23 கடிதம்தான் கண்முன் நின்றது.

ஆய்வுத் தலைவரிடம் போய்க் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, நீட்டிப்பைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றார். ஆக, ஜூனில் வருகிறேன்.

உன் வயிற்றைப் பற்றி எழுது. அரிப்பு நின்றதா? சாப்பிட முடிகிறதா? 'வழக்கம் போல' என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

*

மார்ச் 12

அரிப்பு நிற்கவில்லை. எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் எரிச்சல், மாலையில் அதைவிட எரிச்சல். சமையலறைக் குழாயை நானே கழற்றி வாஷர் மாற்றிவிட்டேன். பிளம்பர் வரவில்லை, நீயும் இல்லை. சொட்டுவது நின்றுவிட்டது. உனக்கு விவரம் வேண்டும் என்றாயே, இந்தா.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடமும் காட்டினேன். உன் பழைய அட்டவணையைவிட இது நூறு மடங்கு உருப்படியான வேலை.

ஆனால் "ஆக, ஜூனில் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த 'ஆக' எனக்குப் பிடிக்கவில்லை. வேலை போனது, ஆக வருகிறாய். போகாமல் இருந்திருந்தால்? தோற்றுப்போய் வந்து கூடத்தில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு நான் என்ன செய்வது? பரீட்சையில் கோட்டைவிட்டவனைப் போல வராதே. அப்படி வருவதாக இருந்தால் அங்கேயே வேறு வேலை தேடிக்கொள்.

சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, நீ மன்னிப்புக் கேட்ட இடத்தை நாலு தடவை படித்தேன்.

*

ஏப்ரல் 2

நீ நம்பமாட்டாய். நானே நம்பவில்லை.

அந்தப் படத்தை ஆய்வுத் தலைவரிடம் காட்டாமல் விட்டிருந்தால் நிம்மதியாக மூட்டை கட்டியிருப்பேன். ஒரு ஆசையில் காட்டிவிட்டேன். அது இரண்டு வாரத்துக்கு முன்னால். இன்று கூப்பிட்டு, பழைய கட்டுரையைவிட இதில்தான் விஷயம் இருக்கிறது, நம் சந்தையைப் போன்ற மற்றச் சந்தைகளுக்கும் இதைச் செய்து பார் என்றார். அதற்காக இரண்டு வருடம் நீட்டிப்பு. முன்பு கட்டுரை வெளிவந்தால் என்று நிபந்தனை இருந்தது, இப்போது நிபந்தனையே இல்லை. இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பொய்க்கும் இரண்டு வருடம், உண்மைக்கும் இரண்டு வருடம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

காலையிலிருந்து உட்கார்ந்து தாளின் இடது பக்கம் இங்கே இருக்கக் காரணங்கள், வலது பக்கம் அங்கே வரக் காரணங்கள் என்று எழுதினேன். ஐந்தும் ஐந்தும் வந்தது. வலது பக்கம் மூன்றாவதாக "அவள் நான் வர வேண்டும் என்று நினைக்கிறாள்" என்று எழுதியிருந்தேன். இடது பக்கம் நான்காவதாக "அவள் சமாளித்துக்கொள்கிறாள்" என்று எழுதியிருந்தேன். இரண்டையும் எழுதியது நான். நீ எழுதியது ஒன்றுகூட இல்லை. பேனாவை வைத்துவிட்டேன்.

அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். நான் நிரப்பமாட்டேன். நீ எழுது. நீ எழுதும்வரை தலைவருக்குப் பதில் இல்லை.

நச்சரிப்பு

*

ஏப்ரல் 4

உன்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தலைவலி ஒன்றுதான் நிரந்தரம்.

என்ன சாமர்த்தியமாக என் தலையில் கட்டியிருக்கிறாய், பார்த்தாயா? நான் வா என்று எழுதினால், ஆயுள் முழுக்க, குழாய் சொட்டும்போதெல்லாம், "நீ கூப்பிட்டாய், விட்டுவிட்டு வந்தேன்" என்று ஆரம்பிப்பாய். வராதே என்று எழுதினால், "நீதானே சொன்னாய்" என்பாய். அலுவலகத்தில் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அவர் கேட்டுட்டாரு இல்ல, அப்புறம் என்ன? சொல்லிடுங்க" என்றாள்.

ஆமாம், நீ கேட்டுவிட்டாய். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நீயே பதிலையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை என்று இனி நான் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபமாக இருப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது.

இன்று வரும்போது பேருந்து சோப்பு ஆலை நிறுத்தத்தில் நின்றது. நாயைக் காணோம். சங்கிலி அப்படியே இருக்கிறது. நின்ற அந்த நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். பித்தப்பையை எடுத்த மறுநாள், வார்டில் எல்லாருக்கும் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரி வேலைக்குப் போயிருந்தாள். என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை ஒருவர் வந்து, "ஆள் இல்லையே, எடுத்துக்கவா?" என்று கேட்டார். எடுத்துக்குங்க என்றேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுதேன். வலியால் என்று நினைத்து நர்ஸ் மாத்திரை கொடுத்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அத்தனை முறை வழக்கம் போல என்று எழுதினேன்.

நான் சமாளித்துக்கொள்கிறேன் என்பது உண்மை. இன்னும் இரண்டு வருடமும் சமாளிப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். குழாய் மாற்றத் தெரியும், ஆபரேஷனுக்குத் தனியாகப் போகத் தெரியும். ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. இதுதான் என் இன்றைய விலை, முந்தின மாதத்து விலை இல்லை.

மற்றச் சந்தைகளைப் பற்றிய வேலையை இங்கேயிருந்து செய்ய முடியுமா என்று தலைவரிடம் கேட்டுப் பார். முடியாது என்றால், அந்த வேலையை விட்டுவிட்டு வா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பரவாயில்லை, திட்டிக்கொள்ள ஆள் பக்கத்தில் இருக்கும்.

ஏன் என்று மறுபடி எழுதிக் கேட்காதே. உனக்கு ஐந்து காரணம் வேண்டியிருக்கும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. வா.